ஒரே கையேட்டில் ஆறு 'ரன்': எதை ஓட்டுவது, எதை இழுப்பது?

#1 பாதிப்பக்கம்

வணக்கம். தண்ணீர் பம்பு ஒன்றின் கையேட்டைத் தமிழாக்கிக் கொண்டிருக்கிறேன். மொத்தமே பதினான்கு பக்கம். இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன், இன்று ஆறாவது நாள். எல்லாவற்றுக்கும் காரணம் ஒரே ஓர் ஆங்கிலச் சொல்: ரன்.

முதல் பக்கத்திலேயே 'டூ நாட் ரன் தி பம்ப் டிரை' என்று ஓர் எச்சரிக்கை. முதல் வரைவில் 'பம்பை ஓட்டி உலர்த்தாதீர்கள்' என்று எழுதி வைத்திருந்தேன். சிரித்துவிட்டு மேலே படியுங்கள், இரவு ஒரு மணிக்குச் செய்த வேலை அது. அடுத்த பக்கத்தில் கேபிளைச் சுவரோரமாக 'ரன்' செய்யச் சொல்கிறது. அப்புறம் வடிகட்டி வழியாக இரண்டு நிமிடம் தண்ணீரை 'ரன்' செய்ய வேண்டுமாம். மோட்டார் சூடாக 'ரன்' ஆனால் உடனே அணைக்க வேண்டும். குழாயின் 'ரன்' பத்து மீட்டரைத் தாண்டக் கூடாது. இங்கே பெயர்ச்சொல்லாகவே வந்து உட்கார்ந்துவிட்டது. எல்லாவற்றையும் பூட்டி முடித்ததும் கடைசியாக ஒரு 'ட்ரையல் ரன்'.

சிக்கல் என்னவென்றால், வாடிக்கையாளர் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். ஓர் ஆங்கிலச் சொல்லுக்குக் கையேடு முழுக்க ஒரே தமிழ்ச் சொல்தான் வர வேண்டுமாம். 'இயக்கு' என்று எல்லா இடத்திலும் போட்டுப் பார்த்தேன். 'கேபிளைச் சுவரோரமாக இயக்கவும்' என்று வந்து நிற்கிறது. 'ஓட்டு' என்று போட்டால் அதைவிட மோசம்.

ஆறுக்கும் பொருந்தும் ஒரு சொல் தமிழில் இருக்கிறதா? இல்லையென்றால், இல்லை என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

#2 சும்மாபார்வை

'வடிகட்டி வழியாகத் தண்ணீரை இரண்டு நிமிடம் ஓட்டவும்.' கையில் ஒரு குச்சியும் கொடுத்துவிட்டால் பொருத்தமாக இருக்கும்.

#3 ஒயர்மேன்

பம்பு வேலை எனக்குத் தெரியும் என்பதால் சொல்கிறேன். நாங்கள் கேபிளை ஓட்டுவதும் இல்லை, இயக்குவதும் இல்லை. ஒயரை 'இழுப்போம்'. 'சுவரோரமா ஒயர் இழுத்துடு' என்றால் வேலைக்குப் புதிதாக வந்த பையனுக்கும் புரியும். குழாயைப் 'போடுவோம்' அல்லது 'கொண்டு போவோம்'. 'பைப் ரன்' என்பது குழாய் போகும் மொத்த நீளம். அதனால் 'குழாயின் நீளம் பத்து மீட்டருக்கு மேல் போகக் கூடாது' என்று எழுதினால் முடிந்தது. அங்கே 'ரன்' என்பதற்குத் தனியாகச் சொல்லே தேவையில்லை.

'பம்ப் டிரை' விஷயம் முக்கியம், அதை மட்டும் தப்பாக எழுதிவிடாதீர்கள். உள்ளே தண்ணீர் இல்லாமல் மோட்டார் சுற்றினால் சீல் சூடேறிக் கருகிவிடும். அதைக் குளிர வைப்பதும் வழுவழுப்பாக வைத்திருப்பதும் அந்தத் தண்ணீர்தான். 'தண்ணீர் இல்லாமல் பம்பை ஓட்டாதீர்கள்' என்று எழுதுங்கள். எங்களுக்குள் 'டிரை ரன் ஆயிடுச்சு' என்று சொன்னால் பம்பு போச்சு என்று அர்த்தம்.

#4 நிரல்வண்டு

ஒரு நிமிடம். எங்கள் பக்கம் 'டிரை ரன்' என்பது நல்ல விஷயமாயிற்றே! ஆயிரம் கோப்புகளை அழிக்கப் போகும் கட்டளையை முதலில் 'டிரை ரன்' செய்து பார்ப்போம். எதை எதை அழிக்கும் என்று பட்டியல் மட்டும் காட்டும், உண்மையில் எதையும் தொடாது. அதைச் செய்யாமல் நேரடியாக ஓட்டியவர்கள்தான் அழுவார்கள். நானும் ஒருமுறை அழுதிருக்கிறேன், அது வேறு கதை.

அப்படியானால் அதே இரண்டு சொல்லுக்கு உங்களிடம் 'தயவுசெய்து செய்யாதே', எங்களிடம் 'தயவுசெய்து செய்'.

#5 ஒயர்மேன்

உங்கள் ஆட்கள் யாரையும் பம்பு பக்கம் விடாதீர்கள்.

#6 கிழிந்தஅகராதி

இந்தச் சொல்லிடம் மாட்டிக்கொண்டவர் நீங்கள் மட்டுமல்ல, பாதிப்பக்கம். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் 'ரன்' வினைச்சொல்லைப் புதுப்பிக்கும் வேலை அதன் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவரிடம் வந்தது. ஒன்பது மாதம் அந்த ஒரு சொல்லோடு உட்கார்ந்திருந்தார். முடித்தபோது 645 பொருள்கள். 2011 நிலவரம் இது. உங்கள் ஆறு நாளெல்லாம் ஒரு கணக்கா?

அதற்கு முன்பு, அதிகப் பொருள் கொண்ட சொல் என்ற பட்டம் 'செட்' கையில் இருந்தது. 1989 இல் 20 தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில் 'செட்' வினைக்கு மட்டும் சுமார் 430 பொருள்கள், தொடர்களையும் சேர்த்து எழுத ஏறக்குறைய 60,000 சொற்கள் பிடித்தன. ஒரு நாவலின் நீளம். மூன்றாம் பதிப்புக்காக 'எம்' எழுத்திலிருந்து திருத்தத் தொடங்கினார்கள். அதனால் 2000 இல் 'மேக்' முந்தியது, 2007 இல் 'புட்' முந்தியது, பிறகுதான் 'ரன்'. 'செட்' பக்கம் திரும்பி வரும்போது பட்டம் மறுபடி கை மாறினாலும் ஆச்சரியம் இல்லை. இன்னும் பின்னால் போனால் 1755 இல் வந்த சாமுவேல் ஜான்சன் அகராதியில் 'டேக்' என்ற சொல்லுக்கு 134 பொருள்கள் தந்திருக்கிறார். இந்த வரிசையைக் கவனியுங்கள்: எடு, வை, செய், போடு, ஓடு. எல்லாமே குழந்தை முதலில் கற்கும் சொற்கள். படித்தவர்கள் மட்டும் புழங்கும் சொல் ஒன்றுகூட இல்லை.

இதில் தமிழ்க்காரர்களுக்கு ஒரு சாவி இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் தானாக ஓடுவதற்கு 'ரின்னன்' என்ற வடிவமும், இன்னொன்றை ஓடச் செய்வதற்கு 'ஏர்னன்' என்ற வடிவமும் தனித்தனியாக இருந்தன. அதாவது நம் ஓடு, ஓட்டு போல. காலப்போக்கில் இரண்டும் ஒன்றாகக் கரைந்து 'ரன்' ஆகிவிட்டன. ஜெர்மன் மொழியில் இன்றும் இரண்டு சொல் உண்டு: 'ரின்னென்' என்றால் நீர் வழிந்தோடுதல், 'ரென்னென்' என்றால் மனிதர் ஓடுதல். ஆங்கிலம் மட்டும் இந்த வேலைகள் எல்லாவற்றையும் ஒரே சொல்லின் தலையில் ஏற்றிவிட்டது.

தமிழில் ஒரு மெய்யெழுத்து கூடினாலோ மாறினாலோ போதும். ஆடு, ஆட்டு. உருள், உருட்டு. திரும்பு, திருப்பு. ஆங்கிலத்திலும் இப்படிச் சில எச்சங்கள் உண்டு. 'சிட்' என்றால் உட்கார், 'செட்' என்றால் உட்கார வை. 'ஃபால்' என்றால் விழு, 'ஃபெல்' என்றால் மரத்தை வீழ்த்து. ஆக, பட்டத்துக்குப் போட்டியிட்ட 'செட்', 'ரன்' இரண்டுமே ஏதோ ஒன்றை ஒரு நிலைக்குக் கொண்டு வரும் வினைகள். அது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே முதல் சோதனை எளிது: உங்கள் வாக்கியத்தில் 'ரன்' தானாக நடக்கிறதா, யாரோ நடத்துகிறார்களா? முதலாவது என்றால் ஓடு, வழி, செல், பரவு பக்கம் தேடுங்கள். இரண்டாவது என்றால் ஓட்டு, இயக்கு, நடத்து, இழு பக்கம். இதிலேயே பாதி மூட்டை குறைந்துவிடும்.

#7 மூன்றாம்பிழை

கிழிந்தஅகராதி ஐயா சொன்ன ஓடு, ஓட்டு விஷயம் அருமை. ஆனால் 645 என்ற எண்ணைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம் என்று நினைக்கிறேன். அகராதிக்காரர்களில் இரண்டு சாதி: சேர்ப்பவர்கள், பிரிப்பவர்கள். 'ஆறு ஓடுகிறது', 'கண்ணீர் ஓடுகிறது' இரண்டையும் ஒரே பொருளில் அடக்குவார் ஒருவர். இன்னொருவர் இரண்டு எண் கொடுப்பார். கற்பவர்களுக்கான கையடக்க அகராதி அதே சொல்லைச் சில பத்துப் பொருளில் முடித்துவிடுகிறது. சொல் ஒன்றேதான், கத்திதான் வேறு.

என்னைக் கேட்டால் 'ரன்' என்பதற்கு உள்ளே ஒரே ஒரு கரு: தடையில்லாமல் தொடர்ந்து போய்க்கொண்டிருப்பது. ஆறு, இயந்திரம், நாடகம், ஒப்பந்தம், வதந்தி எல்லாமே அப்படிப் போகிறவைதான். அந்தக் கருவைப் பிடித்துக்கொண்டால் மீதி தானாக வரும்.

#8 வகுப்பறை

தானாக வராது, மூன்றாம்பிழை. பத்தொன்பது வருடமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். கருவைப் பிடித்தவர்கள்தான் அதிகம் வழுக்குகிறார்கள். 'தடையில்லாமல் போவது' என்று தெரிந்த மாணவனுக்கு, குளிப்பதற்குத் தொட்டியில் நீர் நிரப்புவதை 'ரன் எ பாத்' என்பார்கள் என்று எப்படித் தெரியும்? காய்ச்சல் இருப்பதை 'ரன் எ டெம்பரேச்சர்' என்பது? பத்திரிகை ஒரு கட்டுரையை வெளியிட்டால் 'ரன்'? கரு என்பது தெரிந்த பிறகு 'ஆமாம், பொருந்துகிறது' என்று சொல்ல உதவும். தெரிவதற்கு முன்னால் ஊகிக்க உதவாது.

சரி, இதன் மறுபக்கத்துக்கு வருகிறேன். ஒரு சொல்லுக்குப் பல பொருள் என்பது ஒரு தொல்லை. ஒரு பொருளுக்குப் பல சொல் என்பது அதைவிடப் பெரிய தொல்லை. என் மாணவி ஒருத்தி 'ஷீ ரன்ஸ் எ ஸ்கூல்' என்று எழுதியிருந்தாள், நல்ல வாக்கியம். ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறதே என்று ஒத்தசொல் பட்டியலைத் திறந்து, 'ரன்' தலைப்பில் முதலில் இருந்ததை எடுத்துப் போட்டுவிட்டாள்: 'ஷீ ஸ்பிரின்ட்ஸ் எ ஸ்கூல்'. பள்ளிக்கூடத்தை மூச்சு வாங்க வாங்கத் தூக்கிக்கொண்டு ஓடும் ஓர் அம்மையார் என் கண்முன் வந்தார். நான் தப்பென்று அடிக்கவில்லை. அந்தப் பட்டியல்தான் அவளை ஏமாற்றியது.

பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பவை எல்லாம் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. கால் ஓட்டத்தை மட்டும் பாருங்கள். 'ஜாக்' என்றால் அவசரமில்லாத, உடம்புக்கான மெல்லோட்டம். 'ஸ்பிரின்ட்' குறைந்த தூரம், முழு மூச்சு. 'டேஷ்' சட்டென்று ஓர் இடத்துக்கு. 'போல்ட்' மிரண்டுபோய், முக்கியமாகக் குதிரை மிரண்டால். 'ஸ்கேம்பர்' சின்னக் கால்களுக்கு, குழந்தை, அணில். 'ஃப்ளீ' என்றால் உயிருக்குப் பயந்து. அதில் கால் வேகத்தைவிட ஆபத்துதான் பெரிது. கப்பலில் போனாலும் 'ஃப்ளீ'தான்.

தமிழ் இதை வேறு விதமாகச் செய்கிறது. நாம் வினையை மாற்றுவதில்லை, அதற்கு முன்னால் ஒரு சொல்லை வைத்துவிடுகிறோம். குடுகுடுவென ஓடினான் என்றால் 'ஸ்கேம்பர்'. தலைதெறிக்க ஓடினான், பின்னங்கால் பிடரியில் பட ஓடினான் என்றால் 'போல்ட்'. விழுந்தடித்து ஓடினான் என்பதில் அவசரம், கொஞ்சம் தடுமாற்றம், இரண்டும் இருக்கிறது. அதற்குச் சரியான ஆங்கில ஒற்றைச் சொல்லை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். கம்பி நீட்டினான் என்றால் ஓடவே தேவையில்லை, யாரும் கவனிக்காமல் நடந்து போனாலும் போதும்.

#9 பாதிப்பக்கம்

வகுப்பறை, 'நடத்து' பக்கம் உள்ளவற்றையும் சொல்லுங்களேன். 'ரன்', 'மேனேஜ்', 'ஆபரேட்' மூன்றும் என் கையேட்டில் மாறி மாறி வருகின்றன.

#10 வகுப்பறை

ஒரு விடுதியை 'ரன்' செய்கிறவர் பெரும்பாலும் அதன் பொறுப்பு முழுவதையும் தலையில் சுமப்பவர், சொந்தக்காரராகவும் இருக்கலாம். 'மேனேஜ்' செய்கிறவர் சம்பளத்துக்கு இருப்பவராகவும் இருக்கலாம். 'மேனேஜ்' இத்தாலிய மொழியில் குதிரையைக் கையாளும் சொல்லிலிருந்து வந்தது, அதனால் அதில் எப்போதும் 'அடக்கிச் சமாளித்தல்' என்ற வாடை இருக்கும். 'எப்படியோ மேனேஜ் பண்ணிட்டேன்' என்று நாம் தமிழில் சொல்வதில் அந்த வாடை அப்படியே இருக்கிறது. 'ஆபரேட்' லத்தீன் சரக்கு. பொத்தான், நெம்புகோல், கத்தி என்று கையில் ஒரு கருவி இருக்க வேண்டும். பாரந்தூக்கியை 'ஆபரேட்' செய்யலாம், குடும்பத்தைச் செய்ய முடியாது. குடும்பத்தை 'ரன்' செய்யலாம், தமிழிலும் குடும்பத்தை 'ஓட்டுகிறோம்'. இழுத்துப் பிடித்துக் காலம் தள்ளுவது என்ற பொருள் தமிழில் கூடுதல் இனாம்.

உங்கள் கையேட்டுக்கு: 'ஆபரேட்' வந்தால் இயக்கு, 'மேனேஜ்' வந்தால் அது என்னவென்று எனக்கு எழுதுங்கள். பம்பை யாரும் மேனேஜ் செய்வதில்லை.

#11 சும்மாபார்வை

எல்லாரும் பெரிய பெரிய விஷயமாகப் பேசுகிறீர்கள். என் சந்தேகம் சின்னது. கிரிக்கெட்டில் சிக்ஸர் அடித்தால் ஒரு அடிகூட ஓட வேண்டாம். நின்ற இடத்தில் நிற்கலாம். ஆனாலும் ஆறு 'ரன்'. ஓடாமல் எப்படி ஓட்டம்? தமிழ் வர்ணனையில் 'ஆறு ஓட்டங்கள் எடுத்தார்' என்கிறார்கள். 'ஓடினார்' என்று சொல்வதில்லை. எங்கேயோ யாருக்கோ மனசாட்சி இருந்திருக்கிறது.

இன்னொன்று. தேர்தலில் அமெரிக்கர்கள் 'ரன்' செய்கிறார்கள், பிரிட்டனில் 'ஸ்டாண்ட்' செய்கிறார்கள். ஒருவர் ஓடுகிறார், ஒருவர் நிற்கிறார், இரண்டும் ஒரே வேலை. நாம் நிற்கிற கட்சி. 'தேர்தலில் நிற்கிறார்' என்கிறோம். தோற்றபின் ஓடுகிறார்களா என்பது வேறு இழை.

#12 கிழிந்தஅகராதி

சும்மாபார்வை விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஓட்டத்தை எண்ணுவதற்காக வந்த சொல், கொஞ்ச நாளில் எண்ணிக்கையின் பெயராகிவிட்டது. ஓட்டம் உதிர்ந்து கணக்கு மட்டும் நின்றுவிட்டது. பல பொருள் பிறப்பது பெரும்பாலும் இப்படித்தான், ஒரு பக்கம் ஒட்டும், மறுபக்கம் உதிரும்.

இன்னொரு வேடிக்கை. ஆங்கிலத்தில் 'ரன்' கண்ணுக்குத் தெரியும் ஓட்டம். கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் ஓட்டங்கள் ஏராளம். லத்தீனில் ஓடுவதற்கு 'குர்ரேரே'. அதிலிருந்து 'கூரியர்', 'காரிடார்', 'கரன்சி', 'கரிகுலம்'. கணினித் திரையில் மின்னும் 'கர்சர்' என்றால் லத்தீனில் ஓடுபவன்தான். கிரேக்கத்தில் ஓட்டத்துக்கு 'ட்ரோமோஸ்'. மருத்துவர் சொல்லும் 'சிண்ட்ரோம்' சேர்ந்து ஓடி வரும் அறிகுறிகள். திருப்பிப் படித்தாலும் அதேயாக வரும் 'பாலின்ட்ரோம்' பின்னோக்கி ஓடுவது. ஒற்றைத் திமில் ஒட்டகம் 'ட்ரோமடரி', அதுவும் ஓட்டக்காரன்தான்.

'கரன்ட்' என்பதும் அதே குடும்பம். நாம் மின்னோட்டம் என்கிறோம். இரண்டு மொழியும் கம்பிக்குள் ஏதோ ஓடுவதாகவே பார்த்திருக்கின்றன. தமிழில் இந்த 'ஓட்டம்' செய்திருக்கும் வேலை கொஞ்சமல்ல: நீரோட்டம், காற்றோட்டம், இரத்த ஓட்டம், முன்னோட்டம். ஓடை என்பதிலும் ஓட்டம், நாடோடி, முன்னோடி என்பவற்றிலும் ஓட்டம். தாவரவியல் பாடத்தில் தரையோடு படர்ந்து போகும் தண்டை ஆங்கிலத்தில் 'ரன்னர்' என்பார்கள், நம் பாடநூலில் ஓடுதண்டு. கண்ணோட்டம் என்ற சொல் திருக்குறளின் 58ஆம் அதிகாரத்துக்குத் தலைப்பு, அங்கே அதன் பொருள் இரக்கம். இன்று 'என் கண்ணோட்டத்தில்' என்றால் பார்வை. இரக்கம் உதிர்ந்துவிட்டது, கண் மட்டும் மிச்சம்.

உங்கள் 'ட்ரையல் ரன்'னுக்கு இந்தக் குடும்பத்திலேயே சொல் காத்திருக்கிறது: வெள்ளோட்டம். அதை விட்டு வேறெங்கும் போகாதீர்கள்.

#13 நிரல்வண்டு

வெள்ளோட்டம்! இத்தனை நாள் 'சோதனை இயக்கம்' என்று எழுதிக்கொண்டிருந்தேனே.

எங்கள் 'டிரை ரன்'னுக்கும் வெள்ளோட்டம் போடலாமா?

#14 மூன்றாம்பிழை

போடக் கூடாது. வெள்ளோட்டம் என்றால் உண்மையாகவே ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது. உங்கள் 'டிரை ரன்'னில் எதுவும் ஓடுவதில்லை, ஓடினால் என்ன ஆகும் என்று மட்டும் காட்டுகிறது. ஒத்திகை என்று வையுங்கள். ஒத்திகையில் வாளை உருவினாலும் யாரும் சாக மாட்டார்கள்.

#15 நிரல்வண்டு

ஒத்திகை, சரி. நிரலை 'ரன்' செய்வதற்கு 'இயக்கு'தான் எங்கள் மொழிபெயர்ப்புக் குழுவில் முடிவானது. ஆனால் பேச்சில் எல்லாரும் 'ஓட்டிப் பாரு', 'ஓடுதா?' என்றுதான் சொல்கிறோம். இடைமுகப் பொத்தானில் 'ஓட்டு' என்று போட ஒருவர் முன்மொழிந்தார். தேர்தலில் போடும் ஓட்டு என்று படிக்கிறார்கள் என்று விட்டுவிட்டோம்.

#16 மூன்றாம்பிழை

அந்த 'ஓட்டு' 'வோட்' என்பதன் தமிழ்க் கோலம். தற்செயலாக ஒரே உருவம், பொருளில் உறவு கிடையாது. கூரையில் வேயும் ஓடு, காலால் ஓடு இரண்டும் இப்படித்தான். இவற்றைப் 'பல பொருள்' கணக்கில் சேர்க்கக் கூடாது, ஒரே சட்டை போட்ட வேற்றாட்கள். 'ரன்' அப்படி இல்லை, அதன் பொருள்கள் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அகராதியிலும் வேற்றாட்களுக்குத் தனித்தனிப் பதிவு, வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே பதிவுக்குள் எண்.

வகுப்பறை சொன்னதை யோசித்தேன். கரு ஊகிக்க உதவாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'சாயம் ரன் ஆகிறது', 'மூக்கு ரன் ஆகிறது' இரண்டையும் அகராதி பார்க்காமலே புரிந்துகொண்டவன் நான். எழுதத்தான் கருவால் முடியவில்லை, படிக்க முடிந்தது.

#17 வகுப்பறை

புரிந்தது கருவால் அல்ல, மூக்கால்! 'மூக்கு' என்ற சொல் பக்கத்தில் இல்லாவிட்டால் என்ன புரிந்திருக்கும்?

அந்த இரண்டையும் தமிழில் சொல்லிப் பாருங்கள். மூக்கு ஒழுகுகிறது, சாயம் போகிறது. இரண்டிலும் ஓடு இல்லை. தமிழ் ஓடுக்கும் ஆங்கில ரன்னுக்கும் எல்லை ஒன்றல்ல. நம்மிடம் 'கை ஓடவில்லை, கால் ஓடவில்லை' உண்டு, பதற்றத்தில் செயலற்று நிற்பது. அதை 'ரன்' வைத்து ஆங்கிலத்தில் எழுதினால் எலும்பு மருத்துவரைக் கூப்பிடுவார்கள். ஒருவரைக் கிண்டல் செய்வதை 'ஓட்டுறாங்க' என்கிறோம், அங்கே 'ரன்' நுழையவே முடியாது. 'அவன் மண்டையில் என்ன ஓடுது?' என்பது மட்டும் இரண்டு மொழிக்கும் பொது.

#18 கிழிந்தஅகராதி

வகுப்பறை சொன்ன 'பக்கத்தில் நிற்கும் மூக்கு' பற்றித் தொல்காப்பியம் நேரடியாகவே பேசுகிறது. பல பொருள் ஒரு சொல்லின் பொருள் 'வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்' தெளிவாகும் என்று அதன் கிளவியாக்கம் என்ற இயல் சொல்கிறது. 'மா' என்றால் மரமும் உண்டு, விலங்கும் உண்டு. மா பூத்தது என்றால் மரம், மா ஓடிற்று என்றால் குதிரை. மா வீழ்ந்தது என்றால் இரண்டும் விழக்கூடியவை, அதனால் சுற்றியுள்ள பேச்சைப் பார்க்க வேண்டும். அங்கே வினை பெயரைக் காட்டிக்கொடுக்கிறது. 'ரன்' விஷயத்தில் தலைகீழ், பெயர் வினையைக் காட்டிக்கொடுக்கிறது. கேபிள் வந்தால் இழு, நீர் வந்தால் பாய்ச்சு, பம்பு வந்தால் ஓட்டு.

ஒத்தசொல் பட்டியல் என்றதும் நினைவு வருகிறது. பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் 1852 இல் ஆங்கிலச் சொற்களைப் பொருள்வாரியாக அடுக்கி வெளியிட்டார். அகர வரிசையில்லாமல் பொருள் வரிசையில் சொற்களை அடுக்கும் வேலையை நம் நிகண்டுகள் பல நூற்றாண்டு முன்பே செய்துவிட்டன. திவாகரம் என்ற நிகண்டில் முதல் பத்துத் தொகுதி இப்படி ஒரு பொருளுக்குரிய பல பெயர்கள். பதினொன்றாவது தொகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்கள். வகுப்பறை சொன்ன இரண்டு தொல்லைக்கும் தனித்தனி அறை ஒதுக்கியிருக்கிறார்கள். 1732 இல் வீரமாமுனிவர் செய்த சதுரகராதியிலும் பெயரகராதி வேறு, பொருளகராதி வேறு.

#19 சும்மாபார்வை

ஐயா எங்கே தொடங்கினாலும் நிகண்டில் வந்து முடிப்பார் என்று பந்தயம் கட்டியிருந்தேன். எனக்கே வெற்றி.

'ரன்' பின்னால் ஒட்டிக்கொள்ளும் வால்களைப் பற்றி யாராவது சொல்லுங்கள். அவுட், இன்டு, ஓவர், அவே என்று. எனக்கு எப்போதும் குழப்பம்.

#20 வகுப்பறை

அது தனிக் காடு. நான் வகுப்பில் செய்வது ஒன்றே ஒன்று: 'ரன்'னை மறந்துவிடச் சொல்வேன். 'ரன் அவுட் ஆஃப்' என்பது தீர்ந்துபோதல், ஒரே சொல்லாக எண்ணு. (கிரிக்கெட் 'ரன் அவுட்' தனி ஆள், அதை மனசில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால் வாழ்க்கை முழுக்கக் குழப்பம்.) 'ரன் இன்டு' எதிர்பாராமல் சந்தித்தல், ஆனால் பின்னால் மரமோ சுவரோ வந்தால் மோதுதல். ஆள் வந்தால் இரண்டில் எதுவென்று வண்டியில் இருந்தாரா நடந்தாரா என்று பார்க்க வேண்டும். 'ரன் ஓவர்' வண்டி ஏற்றுதல், நேரம் கடந்துபோதல், பாத்திரம் நிரம்பி வழிதல் மூன்றும். கூட்டம் 'ரன் ஓவர்' ஆனது என்றால் யாருக்கும் அடிபடவில்லை.

சிலவற்றில் 'ரன்' பின்னால் நிற்பதே வழி தவறி வந்தது. 'ரன் தி கான்ட்லெட்' என்பதில் உள்ள 'கான்ட்லெட்' கையுறை அல்ல. இரண்டு வரிசையாக நிற்பவர்கள் அடிக்க, நடுவில் ஓடவிடும் தண்டனைக்கான ஸ்வீடிஷ் சொல் ஆங்கில வாயில் சிதைந்து கையுறையின் உருவத்தை எடுத்துக்கொண்டது. 'ரன் அமோக்'கில் உள்ள 'அமோக்' மலாய் மொழிச் சொல்.

வங்கியின் மேல் 'ரன்' என்று செய்தியில் வந்தால் தயவுசெய்து 'வங்கி மீது ஓட்டம்' என்று எழுதாதீர்கள். வங்கி மூழ்கிவிடும் என்ற பயத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்க முண்டியடிப்பது அது. ஓட்டம் கால்களில் இல்லை, பயத்தில் இருக்கிறது.

#21 பாதிப்பக்கம்

எல்லாருக்கும் நன்றி. வாடிக்கையாளருக்கு இப்படி ஓர் அட்டவணை அனுப்பினேன்.

தண்ணீர் இல்லாமல் பம்பை ஓட்டாதீர்கள். கேபிளைச் சுவரோரமாக இழுத்துச் செல்லவும். வடிகட்டி வழியாக இரண்டு நிமிடம் தண்ணீர் ஓட விடவும். மோட்டார் வழக்கத்தைவிடச் சூடேறினால் உடனே அணைக்கவும். குழாயின் மொத்த நீளம் பத்து மீட்டரைத் தாண்டக் கூடாது. பொருத்தி முடித்ததும் ஒருமுறை வெள்ளோட்டம் பார்க்கவும்.

ஆறில் மூன்றில்தான் ஓடு குடும்பம் தங்கியது. தண்ணீர் வாக்கியத்தில் ஓடு, ஓட்டு இரண்டுக்கும் நடுவே தயங்கினேன். யாரோ நடத்துவதுதான், ஆனால் 'ஓட்டவும்' என்றால் சும்மாபார்வையின் குச்சிதான் கண்ணில் படுகிறது. 'ஓட விடவும்' என்று எழுதியதில் சோதனையும் தேறியது, குச்சியும் போனது.

ஒரே சொல் கேட்டவருக்கு, அதே கையேட்டின் ஆங்கிலத்தில் 'ஓடு', 'ஓட்டு' இரண்டையும் வேறுபடுத்தி இரண்டே சொல்லால் எழுதித் தர முடியுமா என்று பணிவாகக் கேட்டேன். அரை நாள் கழித்து 'உங்கள் அட்டவணைப்படி போகலாம்' என்று பதில் வந்தது.

#22 ஒயர்மேன்

நல்லது. 'சூடேறினால் அணைக்கவும்' என்பதற்குக் கீழே, ஆறும்வரை திறக்கக் கூடாது என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அது ஆங்கிலத்தில் இருக்கிறதோ இல்லையோ.

#23 பாதிப்பக்கம்

இருக்கிறது. 'லெட் இட் செட்' என்று இன்னொரு இடத்திலும் வருகிறது, அது பசை காய்வது பற்றியது. பதினொன்றாம் பக்கத்தில் டைமரையும் 'செட்' செய்யச் சொல்கிறது, பம்புடன் வரும் உதிரிகள் 'எ செட் ஆஃப்' நான்கு. கிழிந்தஅகராதி ஐயா, நேரம் இருக்கிறதா?